தண்ணீருக்கு ரெண்டு கிலோ

(இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். ஆடி மாதம், மாலை ஐந்து மணி. தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் செல்லம்மா அத்தை கொக்கி ஊசியும் ஊல் நூல் உருண்டையுமாக உட்கார்ந்திருக்கிறார். தம்பி மகன் குமார் த்ரீவீலை நிறுத்திவிட்டு வருகிறான்.)

குமார்: அத்தை, என் வண்டி ஹேண்டிலுக்கு யார் இப்படி மஞ்சளும் சிவப்புமாகச் சட்டை போட்டு விட்டது?

அத்தை: குளிரில் கை விறைக்குது என்று நீதானே புலம்பினாய்?

குமார்: ஹட்டன் டவுனில் ஏறின பிள்ளை, "அண்ணா, உங்களுக்குக் குழந்தை பிறந்திருக்கா, சொக்ஸ் காயப் போட்டிருக்கிறீர்களே" என்று கேட்கிறது. எனக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை.

அத்தை: அமெரிக்காவில் ஹூஸ்டன் என்று ஒரு ஊர். அங்கே மேக்டா சயெக் என்ற அம்மா 2005இல் தன் கடைக் கதவுப் பிடிக்குத்தான் முதலில் இப்படிப் பின்னிப் போட்டாராம். அப்புறம் பஸ்ஸுக்கே ஒரு சட்டை. ஊர் ஊராக எல்லோரும் மரத்துக்கும் தூணுக்கும் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

குமார்: பேத்தியின் போனை வாங்கிப் பார்த்தீர்களா?

அத்தை: பார்த்தேன். அதில்தான் யோசனையே வந்தது. கோவிலிலிருந்து காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களம் வரைக்கும் ரோட்டுக்கு மேலே பந்தல் போடப் போகிறோம். முழுக்கப் பின்னல்.

குமார்: எதற்கு?

அத்தை: நிழலுக்கு.

(குமார் அண்ணாந்து பார்க்கிறான். மலையும் இல்லை, வானமும் இல்லை. எல்லாம் மூடுபனி.)

குமார்: அத்தை, நாம் கடைசியாக வெயிலைப் பார்த்தது எப்போது?

அத்தை: போன செவ்வாய்க்கிழமை. பத்து நிமிஷம் இருக்கும்.

குமார்: அந்தப் பத்து நிமிஷம் என்ன செய்தீர்கள்?

அத்தை: உடுப்பைத் தூக்கிக்கொண்டு கொடிக்கு ஓடினேன்.

குமார்: அந்த வெயிலையா மறைக்கப் போகிறீர்கள்?

அத்தை: ஸ்பெயினில் மறைத்திருக்கிறார்களே! மலாகா பக்கத்தில் அல்ஹவுரின் டி லா தொர்ரே என்று ஒரு ஊர்...

குமார்: இந்தப் பெயர் மட்டும் தடுக்காமல் வருகிறது. என் போன் நம்பர் ஞாபகம் இல்லை.

அத்தை: அங்கே ஏவா பச்சேக்கோ என்ற பின்னல் டீச்சரும் அவரிடம் படிக்கிற பெண்களும் சேர்ந்து கடைத்தெருவுக்கு மேலே கட்டியிருக்கிறார்கள். சுமார் 500 சதுர மீட்டர்.

குமார்: அது வெயில் கொளுத்துகிற ஊர். இங்கே ஜனவரியில் நுவரெலியாவில் புல் மேலேயே பனி உறைகிறது. அதோடு இது ஆடி. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும். உங்கள் ஊல் பதுளைக்குப் போய்த்தான் இறங்கும்.

அத்தை: அம்மியில் ஓட்டை இருக்கா? இதில் பாதி ஓட்டைதான். காற்று உள்ளே நுழைந்து தன் பாட்டுக்குப் போய்விடும். நீங்கள் எல்லாம் போன வருஷம் தார்ப்பாய்ப் படங்கு கட்டினீர்களே, என்ன ஆனது?

குமார்: (மெதுவாக) பக்கத்து டிவிஷனில் கிடந்தது.

அத்தை: அதுதான். கணக்கும் போட்டுவிட்டேன், கேள். ரோடு 40 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். ஒரு பின்னல் சதுரம் பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர். 3000 சதுரம் வேண்டும். நாங்கள் 30 பேர். ஆளுக்கு 100.

குமார்: இவ்வளவு கணக்குத் தெரிந்த நீங்கள் கொழுந்து நிறுக்கும்போது ஏன் வாயே திறப்பதில்லை?

அத்தை: திறந்தால், கொழுந்து நனைந்திருக்கு என்று கணக்கப்பிள்ளை தண்ணீருக்கு இன்னும் ஒரு கிலோ கழிப்பான்.

(மழை வலுக்கிறது. எதிரே இரண்டு மூங்கில் கம்பத்துக்கு நடுவே ஒரு வெள்ளோட்டப் பின்னல் தொங்குகிறது. காலையில் நேராக இருந்தது. இப்போது கர்ப்பிணி மாட்டு வயிறு மாதிரி கீழே வந்துவிட்டது. குமார் ஓடிப்போய் அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். முதுகெல்லாம் தண்ணீர்.)

குமார்: என்ன அத்தை இது, ஆட்டுக்குட்டியைத் தூக்கின மாதிரி இருக்கிறது!

அத்தை: இரு, மீன்காரன் தராசு உள்ளே கிடக்கு. (நிறுக்கிறார்.) காலையில் ரெண்டு கிலோ. இப்போ ஆறு.

குமார்: கணக்கப்பிள்ளையைக் கூப்பிடவா? தண்ணீருக்கு ரெண்டு கிலோ கழித்துக் கொடுப்பார்.

அத்தை: (சிரித்துச் சிரித்து இருமல் வருகிறது) போடா! ரெண்டு கழித்தாலும் நாலு நிற்கும். இவ்வளவு தண்ணீரோடு எடை போட்டு எனக்கு ஒருநாளும் சம்பளம் வந்ததில்லை.

குமார்: ஒரு துண்டுக்கே நாலு கிலோ தண்ணீர். இப்படி 3000 சதுரம் சேர்ந்தால் மூங்கிலோடு கோவில் கோபுரத்தையும் இழுத்துக்கொண்டு விழும்.

அத்தை: அதற்கும் வழி இருக்கு. அதே ஸ்பெயினில் வல்வெர்டே டி லா வேரா என்று ஒரு சின்ன ஊர்...

குமார்: மறுபடியுமா!

அத்தை: அங்கே மரீனா ஃபெர்னாண்டஸ் ராமோஸ் என்று ஒரு கட்டடக் கலைஞர். ஊர்ப் பெண்களோடு சேர்ந்து, கழித்துப் போட்ட பிளாஸ்டிக்கில் நிழல்குடை பின்னித் தெருவெல்லாம் தொங்கவிடுகிறார். பிளாஸ்டிக் தண்ணீர் குடிக்காது. உன் வண்டியில் சொப்பிங் பேக் இருக்கா?

குமார்: சீட்டுக்குக் கீழே ஒரு குட்டி ஹட்டனே இருக்கு.

(அத்தை ஒரு பையை மடியில் நீவிச் சுருக்கம் எடுக்கிறார். கைப்பிடியையும் அடியையும் வெட்டி எறிகிறார். மிச்சத்தை மடித்து இரண்டு விரல் அகலத்துக்குக் குறுக்கே வெட்ட, வளையம் வளையமாக விழுகிறது. ஒரு வளையத்துக்குள் இன்னொன்றை நுழைத்து இழுத்து, அதில் அடுத்ததை மாட்டி, நீளக் கயிறாக்குகிறார். கொக்கி ஊசி உள்ளே போகிறது, வெளியே வருகிறது.)

குமார்: சரி, இது நனையாது. ஆனால் ஓட்டை வழியே மழை இறங்கும். வெயிலும் கிடையாது. வெயிலுக்கும் இல்லை, மழைக்கும் இல்லை, அப்புறம் எதற்கு அத்தை இந்தப் பந்தல்?

அத்தை: நாற்பது வருஷமாக என் தலையில் இருந்தது ஒரு கூடைக் கயிறு. அண்ணாந்து பார்க்க ஏதாவது இருக்கட்டுமே என்றுதான்.

(குமார் கொஞ்ச நேரம் பேசவில்லை. தராசுக் கொக்கியை ஆட்டிக்கொண்டே நிற்கிறான்.)

குமார்: மூங்கில் எத்தனை வேண்டும்?

அத்தை: இருபத்தாறு.

குமார்: தோட்டத்துத் துரை கேட்டால்?

அத்தை: திருவிழாப் பந்தல் என்று சொல்லு.

குமார்: திருவிழா பங்குனியிலேயே முடிந்துவிட்டது.

அத்தை: அடுத்த பங்குனிக்கு முன்கூட்டியே போடுகிறோம். தோட்டத்தில் எந்த வேலையாவது நேரத்தோடு நடந்திருக்கா? இது ஒன்றாவது நடக்கட்டும். இந்தா, ஊசியைப் பிடி.

குமார்: நானா? ஸ்டாண்டில் பார்த்தால் என்ன சொல்வார்கள்!

அத்தை: ஹயர் இல்லாத நேரம் போனைத் தேய்க்கிறதை யாராவது ஏதாவது சொல்கிறார்களா? நூலைச் சுற்று, இழு. அது சங்கிலி. அப்படிச் சுண்டி இழுக்காதே, அது வண்டி ஸ்டார்ட் பண்ணுகிற கயிறு இல்லை. லீலா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் 100 சதுரத்தை உன் பெயரில் எழுதியாச்சு.

குமார்: என்னைக் கேட்காமலா?

அத்தை: ஒரு நாளைக்கு இத்தனை கிலோ பறிக்கணும் என்று எங்களை யார் கேட்டு நோம் போட்டார்கள்? வெள்ளிக்கிழமைக்குள் 20 முடிக்கணும். குறைந்தால் அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம்.