மைக்செட் விஷயத்தில் கிராம சபைக்கு அதிகாரம் வேண்டும்

ஆடி பிறந்தால் போதும், எங்கள் டெல்டாவில் ஊருக்கு ஊர் காப்புக் கட்டி ஸ்பீக்கர் பாக்ஸை அடுக்கிவிடுகிறார்கள். திருவிழா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பகலெல்லாம் நாற்று நட்டுவிட்டு வந்த பெண்களும், கைக்குழந்தைகளும், நெஞ்சு வலிக்காரர்களும் ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்க முடியாமல் கிடக்கிறார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒலி மாசு விதிகள் 2000-லேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஒலிபெருக்கி வைக்க எழுத்துமூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் வைக்கவே கூடாது. திருவிழாவுக்காக மாநில அரசு 12 மணி வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது.

சரி, கிராமத்தில் இதை யார் நடத்திவைப்பது? விதிப்படி கலெக்டர், போலீஸ் கமிஷனர், அல்லது டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரி. அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய 29 இனங்களில் சந்தை இருக்கிறது, கலை நிகழ்ச்சி இருக்கிறது, சத்தம் இல்லை. அதனால் ஒரே வழி ஸ்டேஷனுக்குப் போன் போடுவது. விடிவதற்குள் யார் சொன்னது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். ஒரே வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற ஊரில் அந்தப் பகையோடு எப்படிக் காலம் தள்ளுவது? அதனால்தான் பலரும் வாயை மூடிக்கொண்டு பொறுத்துப்போகிறார்கள்.

இந்த அதிகாரத்தை ஊராட்சிக்குக் கொடுத்தால், ஊராட்சித் தலைவரே விழாக் கமிட்டியில் இருப்பார், அவர் எப்படித் தடுப்பார் என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் தலைவருக்கு இல்லை, கிராம சபைக்குக் கொடுங்கள் என்கிறேன். காப்புக் கட்டுவதற்கு முன்பே எத்தனை பாக்ஸ், எந்தப் பக்கம் பார்த்து, எத்தனை மணி வரை என்று எல்லார் முன்னிலையிலும் பேசி எழுதிவிட வேண்டும். மைக்செட்காரரிடம் முன்பணம் வாங்கி, மீறினால் அதைத் திருப்பித் தரக் கூடாது. அப்புறம் தனியாக ஒருவர் புகார் கொடுத்துப் பகையாக வேண்டியதில்லை.

இதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. பெரிய தெருக்காரர்கள் சேர்ந்துகொண்டு காலனித் தெரு விழாவை மட்டும் அடக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. எல்லாத் தெருவுக்கும், கோயில், சர்ச், மசூதி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம், ஒரே அளவு. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று சென்னை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லியிருக்கிறது. பாரபட்சம் நடந்தால் டிஎஸ்பியிடம் மேல்முறையீடு செய்ய வழி வைக்கலாம்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில், இந்த அதிகாரத்தைக் கேட்டு அரசுக்குத் தீர்மானம் அனுப்பச் சொல்லி மனு கொடுக்கப்போகிறேன். உங்கள் ஊரிலும் கொடுங்கள். மனு நகல் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.