ஸ்லீப் ஆகாததற்குப் பேட்டரி காரணமில்லை

சும்மா விட்டாலும் தன் விண்டோஸ் லேப்டாப் தானாக ஸ்லீப் ஆகவில்லை என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு மேலே ஒரு நண்பர், "லேப்டாப் தானாக ஸ்லீப் ஆகவில்லை என்றால் பேட்டரி போய்விட்டது, புதுசு வாங்குங்கள்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பிக் காசைச் செலவழிக்காதீர்கள். பேட்டரி பலவீனமானால் சார்ஜ் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். விண்டோஸ் தூங்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு செயலியோ டிரைவரோ (கருவிகளை இயக்கும் மென்பொருள்) "இப்போது தூங்காதே" என்று கேட்டு வைத்திருப்பதுதான் காரணம்.

முதலில் ஸ்டார்ட் மெனுவில் நீங்களே ஸ்லீப் கொடுத்துப் பாருங்கள். அப்போது ஒழுங்காகத் தூங்கி, சும்மா விட்டால் மட்டும் தூங்கவில்லை என்றால் சந்தேகம் அந்தக் கோரிக்கைகள் மேல்தான்.

யார் கேட்டது என்பதை விண்டோஸே சொல்லும். கட்டளைகளை அடிக்கும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி ஆங்கிலத்தில் அடியுங்கள். ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, பிறகு ரிக்வெஸ்ட்ஸ் (powercfg /requests). டிஸ்ப்ளே, சிஸ்டம் என்று வரிசையாகத் தலைப்புகள் வரும். எந்தத் தலைப்பின் கீழே ஒரு பெயர் இருக்கிறதோ, அந்தப் பெயர்தான் ஆள். நான் பார்த்தவரை அடிக்கடி மாட்டுவது ஆடியோ டிரைவர்: பிரவுசரில் மறந்துபோன ஏதோ ஒரு டேப் ஒலியைப் பிடித்து வைத்திருக்கும். மூடினால் சரி.

லேப்டாப்பை எழுப்ப மவுஸுக்கு இருக்கும் "வேக்" அனுமதியை எடுக்கச் சொல்லி இன்னொருவர் எழுதியது வேறு சிக்கலுக்கு, தூங்கியபின் தானாக விழித்துக்கொள்கிற லேப்டாப்புக்கு. இங்கே கேட்டவருடையது தூங்கவே இல்லையே.