ஹார்ட் ஃபால்ட் என்றால் ராம் பழுது இல்லை

விண்டோஸில் ராம், டிஸ்க் பயன்பாட்டைக் காட்டும் கருவி ரிசோர்ஸ் மானிட்டர். “ரிசோர்ஸ் மானிட்டரில் ஹார்ட் ஃபால்ட் எண் ஏறினால் ராம் போச்சு, உடனே மாற்றுங்கள்” என்று எங்கள் வியாசர்பாடி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. நினைவகத்தை கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, பெரும்பாலும் ‘பக்கம்’ எனப்படும் 4096 பைட் துண்டுகளாகத்தான் கையாளுகிறது. புரோகிராம் தொடும் பக்கம் அந்த நேரத்தில் ராமில் இல்லையென்றால் பிராசசர் ஃபால்ட் எழுப்பும், கெர்னல் அதை டிஸ்கிலிருந்து எடுத்து வைத்து, நின்றுபோன அதே கட்டளையை மறுபடி ஓடவிடும், ஹார்ட் ஃபால்ட் என்பது அவ்வளவுதான். நேற்று தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவரின் லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்தோம்: எண் சட்டென்று நூறைத் தாண்டியது, அப்புறம் பூஜ்யம். ராமைச் சோதிக்கும் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டியும் குறை ஒன்றும் இல்லை. எண் இறங்காமலே நின்றால் பெரும்பாலும் ராம் போதவில்லை என்றுதான் அர்த்தம், கெட்டுவிட்டது என்று அல்ல. காசு கொடுக்கும் முன் நீங்களும் அந்தச் சோதனையை ஓட்டிப் பாருங்கள், விண்டோஸிலேயே இருக்கிறது.