முன்வரிசைக் கதிரைக்குப் பெயர் புத்திஜீவி அல்ல

கிளிநொச்சியில் எந்தக் கூட்டம் நடந்தாலும் மறுநாள் செய்தியில் இப்படி ஒரு வரி வந்துவிடும்: "சமயத் தலைவர்கள், கல்விமான்கள், புத்திஜீவிகள், வர்த்தகர்கள், பொதுமக்கள் எனப் பலரும் கலந்துகொண்டனர்." அந்தப் புத்திஜீவிகள் யாரென்று பார்த்தால் அநேகமாக ஓய்வுபெற்ற அதிபர், பணிப்பாளர், வைத்தியர், விரிவுரையாளர். வயதுக்கும் படிப்புக்கும் மரியாதை கொடுத்து முன்னுக்கு இருத்துவது நல்ல பழக்கம்தான். ஆனால் பட்டமும் பதவியும் இருந்தாலே ஒருவர் புத்திஜீவி ஆகிவிடுகிறார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதைவிட, புத்திஜீவிகளை ஒரு பக்கமும் பொதுமக்களை இன்னொரு பக்கமும் பிரித்து எழுதுவது மனதை உறுத்துகிறது.

இன்ரலெக்சுவல் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் நாம் புத்திஜீவி என்று எழுதுகிறோம். படித்தவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு சொற்களும் தாராளமாக இருக்கின்றன. ஒரு துறையை ஆழமாகக் கற்றவர் ஸ்கொலர். எங்கள் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் எழுதும் ஸ்கொலர்ஷிப் சோதினைக்கும் அதுதான் வேர். பண்டிற் என்பது இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பண்டிதர். யாழ்ப்பாணத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் சோதினை எழுதிச் சித்தியடைந்தவர்தான் பண்டிதர். ஆங்கிலத்திலோ இன்று தேர்தலுக்கும் கிரிக்கெட்டுக்கும் தொலைக்காட்சியில் கருத்துச் சொல்பவரும் பண்டிற்தான். சரி, இவையெல்லாம் ஒருவர் என்ன படித்தார், என்ன தொழில் செய்கிறார் என்பதைச் சொல்லும் சொற்கள். இன்ரலெக்சுவல் என்ற சொல்லின் கதை வேறு.

1894ஆம் ஆண்டு பிரான்சில் அல்பிரட் ட்ரைபஸ் என்ற யூத இராணுவ அதிகாரி, ஜேர்மனிக்கு இரகசியம் விற்றார் என்று குற்றவாளியாக்கப்பட்டு, கடல் கடந்த தீவொன்றில் சிறை வைக்கப்பட்டார். அவர் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை. எழுத்தாளர் எமில் சோலா 1898 ஜனவரி 13ஆம் திகதி பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஜனாதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். யார் யார் பொய் சொன்னார்கள் என்று பெயர் பெயராகக் குறிப்பிட்டார். அதற்கு அடுத்த நாளிலிருந்து எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், விஞ்ஞானிகள் எனப் பலர் கையெழுத்திட்ட முறைப்பாடு வரத் தொடங்கியது. அவர்களைத்தான் இன்ரலெக்சுவல்கள் என்றார்கள். ஆதரித்தவர்கள் பெருமையோடு சொன்னார்கள், எதிர்த்தவர்கள் ஏளனமாகச் சொன்னார்கள். சொல் அதற்கு முன்னரும் இருந்ததுதான், ஆனால் இன்று நாம் பாவிக்கும் பொருள் அந்தச் சண்டையில்தான் ஊன்றியது. சோலாவுக்கு ஒரு வருடச் சிறைத்தண்டனை விதித்தார்கள், அவர் இங்கிலாந்துக்குத் தப்பிப் போனார். ட்ரைபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது 1906இல். சோலா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

கையெழுத்திட்டவர்களில் அநேகருக்கு ட்ரைபஸ் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. தாங்கள் பேசாமல் இருந்திருந்தால் அவர்களுக்கு ஒரு நட்டமும் வந்திராது. அந்தச் சொல்லுக்குக் கனம் அதனால்தான் வந்தது என்பேன்.

வங்காளத்திலும் இதே புத்திஜீவி என்ற சொல்தான், உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் வேறு. பங்களாதேஷில் டிசம்பர் 14ஆம் திகதி புத்திஜீவிகள் நினைவுநாள். 1971 போரின் கடைசி நாட்களில் பேராசிரியர்களையும் வைத்தியர்களையும் பத்திரிகையாளர்களையும் வீடு வீடாகப் போய்ப் பிடித்துக் கொன்றதை அன்று நினைவுகூருகிறார்கள். அப்படியான ஒரு சொல்லைத்தான் நாங்கள் அழைப்பிதழில் இடம் நிரப்பப் பாவிக்கிறோம்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். எங்கள் பெரிய பாசனக் குளமான இரணைமடுவில் ஒவ்வொரு வருடமும் சிறுபோகத்துக்கு, அதாவது மழை குறைந்த காலத்து நெல் விதைப்புக்கு, முன்னர் கூட்டம் நடக்கும். மழைக்காலத்துக் காலபோகத்தில் போலல்லாமல், அப்போது எல்லா வயலுக்கும் தண்ணீர் போதாது. குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். அப்படியான ஒரு கூட்டத்தில் கண்டதைச் சொல்கிறேன். வயதான கமக்காரர் ஒருவர், மடித்து மடித்து ஓரம் கிழிந்த சி.ஆர். கொப்பியோடு எழும்பினார். அவருடைய வயல் வாய்க்காலின் தலைப்பில், தண்ணீர் முதலில் பாய்கிற இடத்தில். "எங்கட பக்கம் எப்பிடியும் தண்ணி வந்திடும். கடைசி வயலுக்குப் பூக்கிற நேரம் தண்ணி இல்லாமல் போகும். ஏக்கரைக் குறையுங்கோ, என்ர பங்கையும் சேர்த்துக் குறையுங்கோ" என்றார். முந்திய வருடங்களில் எந்தத் திகதியில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கொப்பியைப் பார்த்து வாசித்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கே அது பிடிக்கவில்லை. சேட்டைப் பிடித்து இழுத்து இருக்கச் சொன்னார்கள். அவர் இருக்கவில்லை.

அனுபவம் உள்ள எல்லா விவசாயியும் புத்திஜீவி என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது வெறும் முகத்துதி. படிப்பு வேண்டாம் என்பதும் என் கட்சி அல்ல. அந்த ஐயா கணக்கு வைத்திருந்தார், அந்தக் கணக்கைத் தன் இலாபத்துக்கு எதிராகப் பலர் முன்னிலையில் வாசித்தார். ட்ரைபஸுக்காகக் கையெழுத்து வைத்தவர்கள் செய்ததும் அதுதான்.

மறுபக்கம், இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் பற்றி வாதம் நடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். விவசாயிகள் ஒரு பக்கம், குடிக்க நல்ல தண்ணீர் கேட்ட சனம் மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. நீரியல் தெரிந்தவர்கள் கணக்கை மக்களுக்குப் புரிகிற தமிழில் எழுதித் தங்கள் பெயரைப் போட வேண்டிய நேரம் அது. சிலர் எழுதினார்கள், அவர்களுக்கு நன்றி. பலர் வீட்டு விறாந்தையில் ஒன்று கதைத்தார்கள், மேடையில் வேறொன்று கதைத்தார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் வான்கதவுகளை நேரத்துக்குத் திறந்தார்களா என்ற கேள்வி எழுந்தபோதும் அப்படித்தான். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த சனம் கேட்ட அளவுக்குப் படித்தவர்கள் கேட்கவில்லை.

பயமும் ஒரு காரணம், தெரியும். வன்னியில் வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை நாங்கள் மறக்கவில்லை. பேசாமல் இருந்தவர் எவரையும் நான் குற்றம் சொல்ல வரவில்லை. பேசாமல் இருப்பதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அவரை ஓய்வுபெற்ற அதிபர் என்றோ பொறியியலாளர் என்றோ எழுதுங்கள், அதுவே மரியாதையான பெயர்தான்.

அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இப்போது விவசாயமும் பொறியியலும் படிக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு வாருங்கள். அந்த ஐயாவின் கொப்பியை வாங்கிப் பாருங்கள். கணக்குப் பிழை என்றால் பிழை என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், சரி என்றால் உங்கள் பெயரையும் அதில் எழுதுங்கள்.