அந்தப் பிள்ளையின் இலையைப் பார்க்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் பக்கம் ஒரு காதுகுத்து. கறிச்சோற்றுப் பந்தி. எனக்கு எதிர் வரிசையில் என் நாத்தனார் மகள் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம், 19 வயது. இலையில் சோறு விழுந்து குழம்பு ஊற்றினார்கள். பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருவர் பந்தியில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "ஏத்தா, உனக்கு நீர்க்கட்டின்னு உங்கம்மா அழுதுக்கிட்டுத் திரியுறா. நீ இம்புட்டுச் சோத்தப் போட்டுத் தின்னா எப்பிடிக் கரையும்?" என்றார். பிள்ளை பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு இலையையே பார்த்தது. பிறகு இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டது. ராத்திரி வீட்டுக்குப் போனதும் பசி தாங்காமல், கதவைச் சாத்திக்கொண்டு அரைக் கிலோ மிக்சரில் பாதியைத் தின்றிருக்கிறாள். மறுநாள் போனில் சொல்லும்போது அழுதாள். "ஏன் அத்தை எனக்கு மட்டும் இப்படி?"

அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கும் அதே நீர்க்கட்டிதான், டாக்டர்கள் பிசிஓஎஸ் என்பார்கள். 24 வயதில் தெரிந்தது, இப்போது 36.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் எல்லோரும் "கர்ப்பப்பையில் நீர்க்கட்டி" என்கிறோம். அது கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில். கட்டியும் இல்லை. முதிர்ந்து வெளிவர வேண்டிய முட்டைகளின் பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுபோய், ஸ்கேனில் சின்னச் சின்ன மணிகளாகத் தெரிகின்றன. கரைக்க வேண்டிய பொருள் என்று அங்கே எதுவும் கிடையாது. பலருக்கு உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசிவதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. தள்ளிப்போகும் மாதவிலக்கு, தாடையில் முடி, முகப்பரு எல்லாம் அதிலிருந்துதான். கழுத்தைச் சுற்றிக் கறுப்பதும் இன்சுலின் கோளாறின் அடையாளம். அதை அழுக்கு என்று நினைத்து என் அம்மாச்சி பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியிருக்கிறார். பாவம், அவருக்கு யார் சொன்னார்கள்? எடை கூடினால் இந்தச் சுழல் இன்னும் முறுகும். ஒல்லியான பெண்களுக்கும் இது வருகிறது. பிள்ளை பெறும் வயதில் ஏறத்தாழ 10 பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது. அவள் மட்டும் இல்லை.

எனக்குத் தெரிந்தபோது எடை 78 கிலோ. டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், மாத்திரை எழுதினார், "வெயிட்டைக் குறைங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றார். எப்படி என்று நானும் கேட்கவில்லை, வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். அடுத்த முறை போனபோது இரண்டு கிலோ கூடியிருந்தது. "நீங்க ஒத்துழைக்கலன்னா நான் என்ன செய்றது?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக ஒன்றரை வருஷம் டாக்டர் பக்கமே போகவில்லை. அந்தக் காலத்தில் நாலு மாதம், ஐந்து மாதம் மாதவிலக்கு வராமல் இருந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், கவனிக்காமல் விட்டால் பின்னாளில் புற்றுநோயாகும் வாய்ப்பும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. திட்டினால் வெட்கப்பட்டுத் திருந்துவார்கள் என்று நினைக்காதீர்கள். வெட்கப்பட்டவள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாள்.

இடையில் சோற்றை அடியோடு நிறுத்தினேன், இணையத்தில் விற்ற ஏதோ பவுடரைக் கரைத்துக் குடித்தேன். ஆறு கிலோ குறைந்தது, எட்டு கிலோ ஏறியது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மாற்றம் வந்தது வேறொரு ஆஸ்பத்திரியில், ஒரு உணவு ஆலோசகரிடம். எடை மெஷினில் ஏறச் சொல்வதற்கு முன் "இன்னைக்குப் பார்க்கலாமா, இல்ல அடுத்த தடவை பார்ப்போமா?" என்று கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, "பத்து நாளைக்கு எதையும் மாத்தாதீங்க. சாப்பிடுறதை எழுதுங்க. அப்ப மனசு எப்படி இருந்துச்சுன்னும் பக்கத்துல எழுதுங்க" என்றார்.

காலை ஐந்து இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. மூன்று வேளையும் அரிசி. முட்டையும் பயறும் பேருக்குத்தான். ஆனால் பெரிய ஓட்டை சாயங்காலம் இருந்தது. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட வயிற்றோடு, வேலை முடிந்து பஸ்ஸில் நின்றபடி வந்து இறங்க ஆறரை ஆகும். தெருமுனைக் கடையில் இரண்டு வடை, ஒரு பஜ்ஜி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. 'மனசு' என்ற கட்டத்தில் பத்தில் ஏழு நாள் 'அலுப்பு' என்றே எழுதியிருந்தேன்.

அவர் வடையை விடச் சொல்லவில்லை. "ஆறரை மணிப் பசி நியாயமான பசி. நாலரைக்கே ஏதாவது சாப்பிட முடியுமா?" என்று மட்டும் கேட்டார். சின்ன டப்பாவில் சுண்டல் கொண்டுபோக ஆரம்பித்தேன். கறுப்புக் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மாறி மாறி. அந்த மாதம் வேறு எதையும் தொடவில்லை. வடைக் கடையைத் தாண்டி நடந்து வர முடிந்தது. அடுத்த மாதம் டீயில் சர்க்கரை பாதி. அப்புறம்தான் சோறு.

சோற்று விஷயத்தில் என் மாமியார் இருந்தார். நல்ல மனுஷி. டிபன் பாக்ஸை அவர்தான் கட்டுவார், கரண்டியின் பின்புறத்தால் அமுக்கி அமுக்கி. "வேலைக்குப் போற புள்ள" என்பார். அடுத்த தடவை அவரையும் கூட்டி வரச் சொன்னார் ஆலோசகர். குறை எதுவும் சொல்லவில்லை. என்னென்ன காய் வாங்குவீர்கள், எப்படிச் சமைப்பீர்கள் என்று கால் மணி நேரம் மாமியாரிடமே கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது மாமியார் பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மதியம் பாக்ஸைத் திறந்தேன். பெரிய அடுக்கில் அவரைக்காய்ப் பொரியலும் இரண்டு முட்டையும். சின்ன அடுக்கில் சோறு. பத்து வருஷமாகக் காய் இருந்த இடத்தில் சோறும் சோறு இருந்த இடத்தில் காயும் இருந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நடைக்கும் ஒரு வழி தேவைப்பட்டது. எங்கள் தெருவில் இருட்டியபின் பெண் தனியாக நடந்தால் பைக் பசங்கள் ஓரம் கட்டுவார்கள். முதல் மூன்று மாதம் மொட்டை மாடியில்தான், துணிக்கொடிக்குக் குனிந்து குனிந்து. அப்புறம் என் வீட்டுக்காரர் பாத்திரம் கழுவுவதை எடுத்துக்கொண்டார். அந்த அரை மணி நேரம்தான் என் நடை நேரம்.

ஆலோசகரிடம் போகும்போது எடை 82. அறுபதுக்கு வரச் சொல்வார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் சொன்னது 4 கிலோ. அதாவது 5 சதவீதம். அவ்வளவுக்கே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகத் தொடங்கும், இன்சுலினும் சீராகும் என்றார். எட்டு மாதம் ஆனது எனக்கு. உடம்பு இன்சுலினுக்கு மசிய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையையும் நிறுத்தவில்லை. மாதவிலக்கு 40 நாளுக்கு ஒருமுறை என்று வந்து நின்றது. நடுவே தீபாவளியில் இரண்டு கிலோ ஏறி, போக வெட்கப்பட்டு இருந்தபோது அவரே போன் செய்தார். "எந்த நாள்ல விட்டுச்சுன்னு நோட்டைப் பார்ப்போம், வாங்க." அந்தப் போன் வராவிட்டால் அதோடு நின்றிருப்பேன்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. 2023-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத் தலைமையில் வந்த பிசிஓஎஸ் சர்வதேச வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. எந்த ஒரு டயட்டும் இன்னொன்றைவிட உயர்ந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. கீட்டோ மாதிரி டயட்தான் வேண்டும் என்றில்லை, விலை உயர்ந்த பவுடரும் தேவையில்லை; விடாமல் செய்ய முடிவதே நல்லது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, எடை குறைய வேண்டுமென்றால் குறைந்தது 250. வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சி. எடை குறையாவிட்டாலும் இதில் பலன் உண்டு. மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிறதா என்று எல்லோரிடமும் கேட்க வேண்டும், எடையை வைத்து அவமானப்படுத்தக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

எங்கள் தெருவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் வருகிறது. மாமியாரின் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், இதேபோல் மாதம் ஒருமுறை இந்தப் பெண்களிடம் "எப்படிப் போகுது?" என்று கேட்க ஒரு ஆள் இருந்தால் எத்தனை பேர் தப்பிப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். சர்க்கரை நோய் வந்தபின் வீடு தேடி வருகிறோம். வருவதற்கு வாய்ப்பு அதிகமுள்ள இருபது வயதுப் பிள்ளையிடம் "வெயிட்டைக் குறை" என்று ஒரு வரியைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

அம்மாக்களே, அவளுக்குத் தனிச் சமையல் செய்யாதீர்கள். வீடு முழுக்க ஒரே சாப்பாடாக மாறட்டும். தம்பிக்குப் பரோட்டா, இவளுக்கு ஓட்ஸ் என்றால் அது தண்டனை. "யாரு கட்டுவா" என்ற பேச்சை எடுக்காதீர்கள். விரதம் இருக்கச் சொல்லாதீர்கள். ராத்திரி ஒரு மணி வரை போன் பார்க்கிறாள் என்று திட்டுவதற்குப் பதிலாக நீங்களும் பத்தரைக்கு விளக்கை அணைத்துப் படுங்கள், தூக்கமும் இதில் சேர்த்தி.

நேற்று நாத்தனாரிடம் பேசினேன். இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு அம்மாவும் மகளுமாக மதுரை மீனாட்சி கோயில் வடக்குக் கோபுரத்துக்கு வருகிறார்கள். சித்திரை வீதிகளில் வண்டி கிடையாது, பயமில்லாமல் நடக்கலாம். நான்கு வீதியும் ஒரு சுற்று என்று பேச்சு, முடிந்தால் இரண்டு. சுண்டல் நான் கொண்டுபோகிறேன்.