பாட்டுக்குப் பட்டா யார் பெயரில்?

அமெரிக்கப் பாடகி டிரேசி சாப்மன் என்ன ஆனார், ஆளையே காணோமே என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவர் எங்கும் போய்விடவில்லை. வீட்டில் இருக்கிறார். கடைசி ஆல்பம் 2008இல் வந்தது. 2009க்குப் பிறகு மேடை ஏறியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேட்டி கொடுப்பது அபூர்வம். சொந்த வாழ்க்கையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். மேடையில் இல்லாத பாடகி தீர்ந்துபோன பாடகி என்பது நம் கணக்கு. என்னைக் கேட்டால், பாட்டுத் தொழிலில் ஒரு பெண் அடையக்கூடிய ஆகப் பெரிய வசதியே இதுதான் என்பேன்: விருப்பமில்லாதபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது.

சேலம் சுற்றுவட்டாரத்து மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தே வயிறு வளர்த்தவன் நான். எனக்குத் தெரிந்த பாடகிகளில் ஒருவருக்குக்கூட அந்த வசதி கிடையாது. தொண்டை கட்டிக்கொண்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் ஓமலூர்க் கும்பாபிஷேகக் கச்சேரிக்கு வந்து நின்றுதான் ஆக வேண்டும். குரலில் இவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ராத்திரி முழுக்கப் பாடுவது எல்லாம் அடுத்தவர் பாட்டு, அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காகச் சாப்மன் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1964இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் பிறந்தவர். வளர்த்தது அம்மா. கையில் காசு புழங்காத வீட்டில், மூன்று வயதுப் பிள்ளைக்கு யுகலேலி என்கிற குட்டிக் கிதாரை வாங்கிக் கொடுத்த அம்மா. உதவித்தொகையில் பள்ளிப்படிப்பு, பிறகு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல். படிக்கும் காலத்திலேயே ஹார்வர்டு சதுக்கத்தில் கிதாரோடு நின்று தெருவோரம் பாடியிருக்கிறார். கல்லூரி வானொலி நிலையத்தில் தன் பாட்டுகளை ஒலிப்பதிவும் செய்துவைத்தார். எதற்குத் தெரியுமா? காப்புரிமைக்கு. நிலையம் அவற்றை ஒலிபரப்பிக்கொள்ளலாம், பதிலுக்கு இன்ன பாட்டு இன்னார் எழுதியது என்பதற்குச் சாட்சியாக ஒரு நாடா இருக்கும். அந்த வயதில் நான் கல்யாண வீடுகளில் சாப்பாட்டுக்கும் பஸ் காசுக்கும் வாசித்துக்கொண்டிருந்தேன். உரிமை என்ற சொல்லைத் தொழிற்சங்கக் கொடியில்தான் பார்த்திருக்கிறேன்.

உடன் படித்த மாணவர் ஒருவர் அந்த நாடாவின் பிரதியை இசைப் பதிப்புத் தொழிலில் இருந்த தன் தந்தையிடம் சேர்த்தார். ஒப்பந்தம் வந்தது. 1988 ஏப்ரலில் முதல் ஆல்பம். ஜூன் மாதம் லண்டன் வெம்ப்லி மைதானத்தில் நெல்சன் மண்டேலாவின் 70வது பிறந்தநாள் நிகழ்ச்சி. அப்போது அவர் சிறையில்தான் இருந்தார். சாப்மன் முன்னதாகவே பாடி முடித்திருந்தார். பிறகு பாடகர் ஸ்டீவி வொண்டர் மேடை ஏறும் நேரத்தில், அவருடைய கருவிக்கு வேண்டிய ஹார்டு டிஸ்க்கைக் காணவில்லை. அது இல்லாமல் அவரால் வாசிக்க முடியாது. பென் டிரைவை நம்பிப் பிழைப்பவன் என்ற முறையில் இந்தச் சம்பவத்தை எப்போது படித்தாலும் எனக்கு வயிறு கலங்கும். இடைவெளியை நிரப்ப, 24 வயதுப் பெண்ணைத் திரும்ப அழைத்து வந்து நிறுத்தினார்கள். ஒரு கிதார், ஒரு மைக். அவர் பாடிய பாட்டு ‘ஃபாஸ்ட் கார்’. ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது, அந்தப் பாட்டு 6ஆம் இடம் வரை ஏறியது, அடுத்த ஆண்டு மூன்று கிராமி விருதுகள். 1988 செப்டம்பரில் ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் இசைப் பயணத்தில் டெல்லி நேரு மைதானத்திலும் பாடிவிட்டுப் போனார். நமக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை.

அந்தப் பாட்டில் இருப்பது என்ன? குடிகார அப்பா. வீட்டை விட்டுப் போய்விட்ட அம்மா. அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்திய மகள். கார் வைத்திருக்கும் காதலனோடு ஊரை விட்டுப் போகிறாள், சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்குச் சேர்கிறாள். கடைசியில் அவனும் குடியில் உட்கார்ந்துவிட, நீ போவதானால் போ என்கிறாள். காலையில் ஓமலூரிலிருந்தும் வாழப்பாடியிலிருந்தும் பஸ் பிடித்து வந்து சேலத்து ஜவுளிக்கடைகளில் ராத்திரி வரை நிற்கிற பெண்களில் எத்தனை பேருக்கு இது சொந்தக் கதை! அவர்கள் உட்காருவதற்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே போட வேண்டியிருந்தது. அவர்களைப் பற்றிப் பாட்டு வந்திருக்கலாம். ஆனால் அவர்களில் ஒருத்தி எழுதி, அவளே மெட்டமைத்துப் பாடியதாக எத்தனை பாட்டு சொல்ல முடியும்?

இனி நான் சொல்ல வந்த இடம். 2023இல் லூக் கோம்ப்ஸ் என்ற கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற வழி வந்த) இசைப் பாடகர் இதே பாட்டைத் திரும்பப் பாடினார். ஆண் பாடுவதற்காகக் கதையை மாற்றவில்லை. பில் போடும் பெண் நான் என்கிற வரியை அந்தத் தாடிக்காரர் அப்படியே பாடினார். தரவரிசையில் 2ஆம் இடம், கன்ட்ரி வானொலியில் முதலிடம். அமெரிக்காவில் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் உண்டு, பாடியவருக்குக் கிடையாது. வெளிவந்த பாட்டை இன்னொருவர் அப்படியே பாடிப் பதிவு செய்ய அனுமதி கேட்க வேண்டியதில்லை, உரிய தொகையைக் கட்டினால் போதும். ஆகவே ஊரெல்லாம் சுற்றிப் பாடியவர் கோம்ப்ஸ், வீட்டு வாசலுக்குப் பணம் வந்தது சாப்மனுக்கு. அந்த நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கம் ஆண்டின் சிறந்த பாடலுக்கான விருதையும் எழுதியவருக்கே கொடுத்தது. கறுப்பினத்தவர் ஒருவர் அந்தப் பிரிவில் வென்றது அதுவே முதல் முறை. வாங்கிக்கொள்ள அவர் நேரில் போகவில்லை. 2024 பிப்ரவரியில் கிராமி மேடையில் மட்டும் கோம்ப்ஸோடு சேர்ந்து ஒருமுறை பாடினார், திரும்பப் போய்விட்டார்.

இன்னொரு சம்பவத்தையும் பாருங்கள். ராப் பாடகி நிக்கி மினாஜ் தன் புதுப் பாட்டில் சாப்மனின் ‘பேபி கேன் ஐ ஹோல்ட் யூ’வைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டார். ஒரு பாட்டின் துண்டை எடுத்து வேறு பாட்டில் வைப்பதற்கு அனுமதி கட்டாயம். சாப்மன் மறுத்துவிட்டார். திரும்பவும் கேட்டார்கள், திரும்பவும் மறுத்தார். 2018இல் அந்தப் பாட்டு எப்படியோ வானொலியில் ஒலித்துவிட்டது. வழக்குப் போட்டார். 4,50,000 டாலருக்கு முடிந்தது. கஞ்சத்தனம், திமிர் என்றெல்லாம் எழுதினார்கள். இடத்துக்குப் பட்டா வைத்திருக்கிறவர் வேலி போட்டால் திமிர் என்று நாம் சொல்வோமா?

“அது அமெரிக்கா, இங்கே சினிமாப் பாட்டு தவிர வேறு எதுவும் எடுபடாது” என்று நண்பர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. நாம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஊர்க்காரர்கள். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்தக் கம்பெனி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. ஏற்காடு போகிற வழியில் இன்று மிச்சமிருப்பது நுழைவு வளைவு. சினிமாவில் அன்று முதல் ஏற்பாடு ஒன்றுதான்: எழுதுகிறவர் ஒருவர், மெட்டுப் போடுகிறவர் இன்னொருவர், பாடுகிறவர் மற்றொருவர், உரிமை முதலாளிக்கு. 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்ற பாதுகாப்பு வந்தது.

மீதிப் பாதி பொய். தானே கட்டித் தானே பாடுகிற பெண் நமக்குப் புதியவள் அல்லள். ஒப்பாரி வைக்கிற பாட்டியைக் கேட்டிருக்கிறீர்களா? செத்தவர் பெயர், பட்ட கடன், பேசாமல் போன தம்பி, எல்லாவற்றையும் அந்த நிமிடத்திலேயே சந்தத்தில் கோத்துவிடுவார். தாலாட்டும் அப்படித்தான். மைக்கும் காசும் வந்தபோதுதான் அந்தப் பெண்களை ஓரங்கட்டிவிட்டோம்.

எங்கள் குழுவில் பல வருடமாகப் பாடும் ஒருவர் இருக்கிறார். பொன்னம்மாபேட்டைத் தறிக்காரக் குடும்பம். ஆடியில் மாரியம்மன் பண்டிகைக் கச்சேரி என்றால் மாலை நாலு மணிக்கே மேடைக்கு வந்துவிடுவோம். பையன்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள், பக்கத்துத் தெருவில் கூழ் அண்டா கழுவும் சத்தம் கேட்கும். மைக் சோதனைக்கு எல்லோரும் ஹலோ, ஒன், டூ என்பார்கள். இவர் மட்டும் நீள நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, தான் எழுதியதைப் பாடுவார். அம்மா நாள் முழுக்க ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றுகிறாள், கூலி நோட்டில் அப்பா பெயர் மட்டும் இருக்கிறது. இதுதான் பாட்டு. மெட்டும் அவருடையதே. நான் கீபோர்டில் இரண்டு கார்டு பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். ஒருமுறை மைக் செட் தம்பி ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டான்: “இது எந்தப் படம் அக்கா?” அவர் சிரித்துக்கொண்டே நோட்டை மூடிவிட்டார். ஆறரை மணிக்குக் கூட்டம் வந்ததும் இந்தப் பாட்டைப் பாடுங்கள் என்று துண்டுச் சீட்டுகள் வர ஆரம்பித்தன, சீட்டில் எழுதியதைப் பாடினார்.

அந்த நோட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். நம் நாட்டுச் சட்டப்படி பாட்டை எழுதிய கணத்திலேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு என்பது சாட்சிக்குத்தான். ஆகவே தேதி போட்டு எழுதுங்கள், போனில் பாடிப் பதிவு செய்து வையுங்கள் என்றேன். “இதை யார் அண்ணா திருடப் போகிறார்கள்?” என்று கேட்டார். திருட ஆள் வருகிற அளவுக்கு அதை நாலு பேர் கேட்க வேண்டாமா என்று நான் குழுத் தலைவரிடம் போனேன். சீட்டு வராத பாட்டைப் பாடினால் ஜனம் எழுந்து போய்விடும் என்கிறார். எழுந்து போகட்டுமே! சாமி பாட்டு முடிந்து, கமிட்டித் தலைவருக்குச் சால்வை போட்டு, அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பேசுகிறபோது உட்கார்ந்திருக்கிற ஜனம்தானே? இந்த ஆடிக்கு அதில் ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறேன். பாடுவதற்கு முன்னால் மைக்கில் எழுதியவர் பெயரும் மெட்டமைத்தவர் பெயரும் சொல்ல வேண்டும் என்பது என் நிபந்தனை. தலைவர் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் ஊர்க் குழுக்களில் இப்படி நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருக்கும் பாடகிகளைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள், தலைவரிடம் காட்ட எனக்கு உதவும்.