பொம்மைக்குச் சோறு ஊட்டினால் ஆட்டிசமா?

"குழந்தை தனக்குத்தானே பேசி விளையாடுகிறதா? பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறதா? ஆட்டிசத்தின் அறிகுறி, உடனே நிறுத்துங்கள்" என்று ஒரு செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. சொல்லப்போனால் தலைகீழ்.

16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் என்ற ஆட்டிச முதற்கட்டக் கேள்வித்தாளில், காலிக் கோப்பையில் குடிப்பதுபோல, போனில் பேசுவதுபோல குழந்தை பாவனை செய்கிறதா என்றே கேட்கிறார்கள். அங்கே "இல்லை" என்ற பதில்தான் கவனிக்க வேண்டியது. அந்த ஒரு பதிலை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டுவதும் இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிலும் பலர் இப்படி விளையாடுவார்கள்.

மூன்று வயதுக்காரி வெறும் சொப்பை நீட்டி, "சுடும், ஊதிக் குடி" என்கிறாள். உள்ளே காபி இல்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் உங்கள் நாக்கு சுட்டுவிடுமே என்று யோசிக்கிறாள். இதைப் போய் நோய் என்பதா?

கண்ணுக்குத் தெரியாத தோழனும் அபூர்வமில்லை. 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 7 வயதுக்குள் சுமார் 65 சதவீதக் குழந்தைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கற்பனைத் துணை இருந்திருக்கிறது.

அதற்காக, இப்படி விளையாடினாலே பழகும் திறன் வளர்ந்துவிடும் என்று பொம்மை விற்பவர்கள் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டு குழுவினர் 2013-ல் பழைய ஆய்வுகளை அலசி, அதற்குப் போதிய சான்றில்லை என்றார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேசிய சொற்கள் குறைகின்றன என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். சொப்புச் சாமானைப் பிடுங்க வேண்டாம்.